மூன்றாம் கம்பத்துச் சிவப்புத் துணி

எங்கள் தெருவில் ஒரு பெண் குழந்தை பிறந்ததை, அந்தக் குழந்தையின் அப்பனுக்கே சேதி போகும் முன் தெரிந்துகொண்டு, சந்தோஷம் தாங்காமல் பதினேழு மூட்டை பிஸ்கட்டை வாரி வழங்கிய இயந்திரம் ஒன்று உண்டு. அதை எனக்கு நேரில் தெரியும். என்னோடு அது பேசியதில்லை. மற்றபடி நல்ல பழக்கம்.

இதைச் சொன்னால் ஜனங்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் என் கையில் இருக்கும் டம்ளரைப் பார்ப்பார்கள். அதில் டீதான் இருக்கும். போகப் போகத் தெருவே நம்பிவிட்டது. ஒரே ஒரு ஆள் மட்டும் நாலு மாசம் “பொய்” என்று ஒற்றைக் காலில் நின்றான். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன். வேடிக்கை என்னவென்றால், பிறந்தது அவனுடைய பேத்தி.

நான் பிஸ்கட் ஃபாக்டரியில் முப்பத்தாறு வருஷம் அடுப்பு பார்த்தவன். நான் சுட்டதையெல்லாம் வரிசையாக வைத்தால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு வாரம் தங்கி, வேறு வழியாகத் திரும்பி வரலாம். அறுபது அடி நீள அடுப்பு. ஒரு வாயில் மாவு போகும், மறு வாயில் பிஸ்கட் வரும். வந்த பிஸ்கட் ரப்பர் பெல்ட்டில் ஏறி ஓடும். பெல்ட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்று, உடைந்தது, கருகியது, வெளுத்தது என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கி இடுப்புயரத் தட்டில் போடுவார்கள். மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்து முப்பத்திரண்டு பேர். எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை. முட்டிக்குக் கீழே கால் இருக்கிறதா என்று வீட்டுக்கு வந்துதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த முப்பத்திரண்டு பேருக்கும் தலை, எலக்ட்ரீஷியனின் மனைவி. ஃபாக்டரியில் வைத்த பெயர் பருந்து. பிஸ்கட்டின் முதுகில் எத்தனை துளை இருக்கிறதென்று ஓடுகிற ஓட்டத்தில் சொல்வாள். மூடிய டின்னுக்குள் எது உடைந்திருக்கிறதென்று வெளியிலிருந்தே சொல்வாள் என்றும் கேள்வி. அந்தக் கேள்வியைக் கிளப்பியது நான்தான். என்னை அண்ணே என்பாள். அந்த உரிமையில் அவள் புருஷனுக்கு நான் மச்சான், எனக்கு அவன் மாப்பிள்ளை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொறுக்கிப் போட்ட கழிவு பிஸ்கட்டை வேலையாட்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அது கம்பெனி சட்டம். எங்கள் சட்டம் ஒன்று தனியாக இருந்தது. யார் வீட்டிலாவது பிள்ளை பிறந்தால், யாராவது படுக்கையில் விழுந்தால், பெல்ட்டுக்கு மேல் விளக்கைத் தாங்கும் மூன்றாவது கம்பத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவோம். வாயைத் திறந்து யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அன்றைக்கு மட்டும் எல்லார் கண்ணும் கொஞ்சம் கறாராகிவிடும். ராஜா மாதிரி பிஸ்கட் வரும். “ஓரம் லேசா கருகியிருக்கு” என்று தட்டில் விழும். சாயங்காலம் அந்த வீட்டுக்கு ஒரு பை போகும். துணியைப் பார்த்தால் நானும் அடுப்பைப் பதினைந்து விநாடி கூட விடுவேன். மனசாட்சிக்காக.

போன மழைக்காலம். வானம் மூன்று வாரமாக மூடியே கிடந்தது, தெருவில் காயப்போட்ட துணியெல்லாம் நாய்க்குட்டி வாசனை அடித்தது. ஒரு சாயங்காலம் நான் எதிர்வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நிறைமாசக்காரி மகள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை. எலக்ட்ரீஷியன் தரையில் உட்கார்ந்து பழைய வயரைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தான். பருந்து வந்தாள். வெந்நீர் வாளியில் காலை விட்டுக்கொண்டு சொன்னாள்:

“மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டார்.”

எலக்ட்ரீஷியன் வாயிலிருந்து வயரை எடுத்தான். “கதவைச் சாத்தினாரா?”

“சாத்தினார்.”

“டீ குடுத்தாரா?”

“குடுத்தார்.”

“போச்சு. கூட பிஸ்கட் வெச்சாரா?”

“நம்ம பிஸ்கட்தான். ஒண்ணு ஓரம் உடைஞ்சிருந்துச்சு. எடுத்துத் தனியா வெச்சேன்.”

“பிஸ்கட் வேற வெச்சிருக்கான். அப்ப பெரிய ஆப்புதான். சொல்லு.”

சொன்னாள். ஆறு மாசத்துக்கு முன்னால் பெல்ட்டுக்கு மேலே ஒரு கேமரா வைத்தார்களே, அது பாதுகாப்புக்கு இல்லையாம். இவர்கள் கை எதைப் பொறுக்குகிறது, எதை விடுகிறது என்று ஆறு மாசமாகப் படம் பிடித்து, அந்தப் படத்தையெல்லாம் ஒரு இயந்திரத்துக்குப் போட்டுக் காட்டி, அது பாடம் படித்து முடித்தாயிற்றாம். திங்கட்கிழமை வருகிறது. மோசமான பிஸ்கட் வந்தால் குழாய் வழியாகக் காற்றை ஊதித் தள்ளிவிடும். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, வெள்ளிக்கிழமை பருந்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்: இது எங்களுக்குச் சமமாகப் பொறுக்குகிறது என்று.

“போட்டா?”

“முப்பத்தொரு பேர் வீட்டுக்கு. நான் மட்டும் மெஷினைப் பார்த்துக்க இருப்பேன்.”

“போடாட்டி?”

“வேற யாராவது போடுவாங்க. நானும் வீட்டுக்கு.”

மகள் கட்டிலிலிருந்தே கேட்டாள். “ஏம்மா, அப்ப ஆறு மாசமா அதுக்கு வாத்தியார் வேலை பார்த்தது நீங்களா? உங்களுக்கே சொல்லாமலா?”

“சொல்லியிருந்தா ஒழுங்கா தலை சீவிக்கிட்டாவது போயிருப்பேன்” என்றாள் பருந்து.  வாளிக்குள்ளேயே ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக்கொண்டாள்.

எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தான். “அன்னைக்கே சொன்னேன் மச்சான். பாதுகாப்புன்னா கேமரா வாசலைப் பார்க்கணும். இது இவ கையைப் பார்க்குதேன்னு. கேட்டாளா? என்னைச் சந்தேகப் பிராணின்னா.”

உண்மையைச் சொல்ல வேண்டும். அவன் சந்தேகப் பிராணிதான். கரண்ட் இல்லாத வயரையும் மூன்று தடவை டெஸ்டர் வைத்துப் பார்ப்பான். கல்யாணத்தில் போட்டோகிராபர் “சிரிங்க” என்றபோது “எதுக்கு?” என்று கேட்டவன்.

திங்கட்கிழமை இயந்திரம் வந்தது. பெண்கள் அதற்கு ‘ஊதி’ என்று பெயர் வைத்தார்கள். பெல்ட்டின் மேல் ஒரு தகரப் பெட்டி, அதற்குக் கீழே சீப்புப் பல் மாதிரி இருபது குழாய். கூடவே ஒரு இளைஞன் வந்து லேப்டாப்பை விரித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஊதி நன்றாகத்தான் வேலை செய்தது, அதுதான் கொடுமை. உடைந்தது வந்தால் ‘புஸ்’. கருகியது வந்தால் ‘புஸ்’. பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வேலை செய்யாமல் எட்டு மணி நேரம் நிற்பது, வேலை செய்துகொண்டு நிற்பதைவிட இரண்டு மடங்கு வலிக்குமாம்.

ஊதிக்குப் பக்கத்தில் மேனேஜர் ஒரு நாற்காலி போட்டார். பருந்துக்கு. அந்தப் பெல்ட் ஓரத்தில் அதுவரை யாருக்கும் நாற்காலி போட்டதில்லை. பருந்து அதில் உட்காரவேயில்லை. ஆனால் நாற்காலி போட்டது போட்டதுதானே. அன்று மத்தியானம் சாப்பாட்டு பெஞ்சில் அவளுக்கு இரண்டு பக்கமும் ஆள் தள்ளி உட்கார்ந்தார்கள்.

அவளுடைய உயிர்த் தோழி ஒருத்தி, பட்டப்பெயர் ரேடியோ. வாயை மூடினால் நாங்கள் மின்வெட்டு என்று நினைத்துக்கொள்வோம். பதினெட்டு வருஷம் பருந்துக்குப் பக்கத்து இடத்தில் நின்று பொறுக்கியவள். அவளும் பேசவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடும்போது மட்டும் காற்றோடு பேசுகிற மாதிரி சொன்னாளாம்: “நாற்காலிக்குக் குஷன் எப்ப வருதாம்?”

வீட்டுக்கு வந்து பருந்து அழுதாள் என்று மகள் என்னிடம் சொன்னாள். எலக்ட்ரீஷியன் சமாதானம் சொன்னானா என்று கேட்டேன். “சொன்னார் மாமா. ‘அவங்க சந்தேகப்படறது நியாயம்தான், உன் இடத்துல வேற யாரு இருந்தாலும் நீயும் இப்படித்தான் சந்தேகப்படுவே’ன்னார்.” நல்ல சமாதானம்.

வியாழக்கிழமை விடியும்போதே மகளுக்கு வலி எடுத்தது. பருந்து லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். காலை எட்டரைக்குப் பேத்தி பிறந்தாள். அந்தக் குழந்தை போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி ஜன்னல் கண்ணாடி இரண்டு விரிசல் விட்டது என்பது என் கணக்கு.

ஒன்பதரைக்கு ஃபாக்டரியில் ஊதிக்குப் பைத்தியம் பிடித்தது.

வட்டமான, பொன்னிறமான, ஒரு குறை சொல்ல முடியாத பிஸ்கட் வருகிறது; புஸ். அடுத்தது, புஸ். எல்லாவற்றையும் அல்ல. ஒன்றை விட்டு ஒன்று, நல்லதாகப் பார்த்து. தட்டு நிறைந்தது, கூடை நிறைந்தது, மூட்டை பிடித்தார்கள். லேப்டாப்காரர் தலையைப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் பெல்ட்டை நிறுத்தினார். முதல் கேள்வி: “யார் இன்னைக்கு வரலை?”

பருந்து வரவில்லை.

அவ்வளவுதான். பாடம் சொல்லிக் கொடுத்தவள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், கையெழுத்துக்கு முந்தின நாள் குட்டு வெளிப்படும்போது தான் இல்லாத மாதிரி பார்த்துக்கொண்டாள். மேனேஜர் கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை கையெழுத்துக்குப் பதிலாக விசாரணை. நாசவேலை என்று முடிவானால் பருந்து வெறுங்கையோடு வெளியே. கூட்டுச் சதி என்று காரணம் காட்டி மற்றவர்களும்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து பருந்து உடை எடுக்க வீட்டுக்கு வந்தபோது இந்தச் செய்தி வாசலில் காத்திருந்தது. மழை அடித்து ஊற்றியது, நானும் அங்கேதான் ஒதுங்கியிருந்தேன். எலக்ட்ரீஷியன் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டான்.

“என்ன பண்ணினே?”

“நான் என்னத்தைப் பண்ணினேன்? பிள்ளை பெத்தவளுக்குத் துணி மாத்திக்கிட்டிருந்தேன்.”

“எங்கிட்ட சொல்லு. நான் உன் புருஷன். வயரை எதாவது…”

“வயரா? நம்ம வீட்டு மிக்ஸியையே நீ தொட விடறதில்லை.”

“மெஷின் தானா எதுவும் செய்யாதும்மா. முப்பது வருஷமா வயர் பிடிக்கிறேன். எங்கயாவது ஒரு கை இருக்கும்.”

“அப்ப என் கைன்னுதான் சொல்றே.”

அவன் கதவின் தாழ்ப்பாளை மறுபடி இழுத்துப் பார்த்தான். பருந்து என் பக்கம் திரும்பி, “பாருங்கண்ணே, மேனேஜர்கூட நாளைக்குத்தான் விசாரிக்கிறார்” என்றாள்.

அப்போது கதவைத் தட்டியது ரேடியோ. தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. உள்ளே வந்து சுவரோரம் நின்றாள். திங்கட்கிழமையிலிருந்து இந்த வீட்டுப் படி ஏறாதவள்.

“குழந்தை யார் ஜாடை?” என்றாள்.

“அதைக் கேட்கவா நனைஞ்சுக்கிட்டு வந்தே?”

“இல்லைக்கா.” முந்தானையைப் பிழிந்தாள். “காலைல ஷிஃப்ட் ஆபீசர் சொன்னாரு, உன் பொண்ணுக்குப் பிள்ளை பிறந்துடுச்சுன்னு. உம்மேல கோபம்தான். இருந்தாலும் பிள்ளை என்ன பண்ணுச்சு? நான் பாட்டுக்குப் போய்… மூணாவது கம்பத்துல துணியைக் கட்டிட்டேன். பதினெட்டு வருஷக் கை. யார் பொறுக்கறாங்கன்னு கை யோசிக்கலை. கட்டினப்புறம்தான் நினைச்சேன், பொறுக்கறது நாமளா, அந்தத் தகரப் பெட்டிதானே, அதுக்கு எங்க தெரியப்போகுதுன்னு. திரும்பினா, புஸ் புஸ்னு தள்ளுது. நல்லதாப் பார்த்துத் தள்ளுது. நாம எடுக்கற மாதிரியே.”



பருந்து மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள். “ஆறு மாசம் நம்ம கையை மட்டுமா பார்த்துச்சு” என்றாள். “துணியையும்தானே பார்த்துச்சு.”

“அடிப்பாவி, படிச்சிடுச்சா?” என்றேன் நான்.

“கதை” என்றான் எலக்ட்ரீஷியன்.

அவனை விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் பேசினோம். சிக்கல் எளிதானது. துணி விஷயத்தைச் சொல்லாவிட்டால் பருந்து நாசவேலைக்காரி. சொன்னால் முப்பத்திரண்டு பேரும் வருஷக்கணக்காக நல்ல பிஸ்கட்டைக் கழித்தவர்கள், திருடிகள். ரேடியோ, கட்டியது தான்தான் என்று தன் தலையில் போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். பருந்து அவளைக் கையமர்த்தினாள். ஓடுகிற பெல்ட்டைப் பார்ப்பாளே, அதே பார்வையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “நாளைக்கு எல்லாரையும் வரச்சொல்லு. மூணு ஷிஃப்டும்” என்றாள்.

ஓய்வு பெற்றவனை ஃபாக்டரிக்குள் விடமாட்டார்கள். ஆனால் அடுப்புப் பக்கத்துக் கதவை ஒரு குறிப்பிட்ட இடத்தில் உதைத்தால் அது மரியாதையாகத் திறக்கும். வெள்ளிக்கிழமை நான் அடுப்புக்குப் பின்னால் நின்று முழுவதையும் பார்த்தேன்.

மேனேஜர் ஆரம்பிக்கும் முன்பே பருந்து பெல்ட்டை ஓட்டச் சொன்னாள். ஊதி ஒழுங்காக ஓடியது. துணியைக் கம்பத்தில் கட்டினாள். புஸ், புஸ், புஸ். அவிழ்த்தாள். நின்றது. மறுபடி கட்டினாள். புஸ். லேப்டாப்காரர் எழுந்து வந்து துணியை ஏதோ பச்சைக் குழந்தையைத் தொடுகிற மாதிரி தொட்டார்.

“கேமரா படத்துல மூலைல இந்தத் துணி விழுது சார்” என்றார் மேனேஜரிடம். “துணி இருந்த நாளெல்லாம் இவங்க நல்லதையும் எடுத்திருக்காங்க. அது அப்படியே கத்துக்கிச்சு.”

மேனேஜர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி எனக்குப் பிடிக்கவில்லை. “அப்ப ஒத்துக்கறீங்க. இத்தனை வருஷமா நல்ல பிஸ்கட்டை எடுத்திருக்கீங்க.”

“ஆமா சார்” என்றாள் பருந்து. “எழுதிக்கோங்க. முப்பத்திரண்டு பேரும் கையெழுத்துப் போடறோம். ஆனா ஒண்ணு கேட்கறேன். துணியை நாங்க சொன்னதால உங்களுக்குத் தெரிஞ்சுது. நாங்க சொல்லாததுல அது வேற என்னவெல்லாம் கத்துக்கிச்சு?”

“வேற என்ன?”

“எனக்கு எப்படி சார் தெரியும்? நாலாவது இடத்துல நிக்கற அக்காவுக்குக் கண்ணுல புரை. அவங்க விட்டதை அஞ்சாவது ஆள் எடுப்பா. அது தெரியுமா அதுக்கு? மாவு ஈரமா வர்ற நாள் வெளுத்ததை விட்டுடுவோம், டின்னுக்குள்ள போனா சரியாயிடும்னு. அது ஈரத்தைப் பார்த்துச்சா, இல்லை அன்னைக்கு நாங்க போட்டிருந்த ஸ்வெட்டரைப் பார்த்துச்சா? வாங்கறவங்க வந்து நிக்கும்போது எங்க கை வேற மாதிரி ஓடும். நீங்க பின்னாடி வந்து நின்னாலும்தான்.”

மேனேஜர் சட்டென்று தான் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு அடி நகர்ந்தார். ஊதி அந்த நேரம் பார்த்து ஒரு பிஸ்கட்டைத் தள்ளியது. அது உடைந்த பிஸ்கட்தான். ஆனால் மேனேஜருக்கு அது தெரியாதே. அவர் பெட்டியைப் பார்த்த பார்வை, எலக்ட்ரீஷியன் எல்லாரையும் பார்க்கிற பார்வை.

“நீங்க சொல்லுங்க” என்று லேப்டாப்காரரைக் கேட்டார்.

அந்தப் பையன் நல்ல வளர்ப்பு. மறைக்கவில்லை. “உள்ள என்னென்ன இருக்குன்னு எனக்கும் முழுசா தெரியாது சார். இவங்க பக்கத்துல நின்னு பார்த்தாத்தான் எது தப்புன்னே தெரியும். இல்லைன்னா முதல்லேர்ந்து படம் எடுக்கணும். அதுக்கும் இவங்க வேணும்.”

“எடுங்க” என்றாள் பருந்து. “இந்தத் தடவை கேட்டுட்டு எடுங்க. எழுத்துல.”

பின்னால் இருந்து ரேடியோவின் குரல் வந்தது: “தலை சீவிக்க நேரம் குடுத்துட்டு!”

பேச்சுவார்த்தை மூன்று வாரம் நடந்தது. கடைசியில் வந்த காகிதத்தில் இருந்தது இவ்வளவு: இயந்திரத்தைக் காரணம் காட்டி மூன்று வருஷத்துக்கு யாரையும் அனுப்பக்கூடாது, ஊதி பக்கத்தில் ஷிஃப்டுக்கு எட்டுப் பேர், நாற்காலியோடு, மற்றவர்களுக்குப் பேக்கிங்கில் அதே சம்பளம், கேமரா எங்கே வைத்தாலும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பெண்கள் உட்கார்ந்து அது என்ன கற்றிருக்கிறதென்று சோதிக்க வேண்டும். பதிலுக்கு, துணி கூடாது. பிள்ளை பிறந்தால் கம்பெனியே ஒரு டின் கொடுக்கும். “டின்னுல என்ன ருசி இருக்கு” என்று ரேடியோ இன்னும் புலம்புகிறாள். “மூணு வருஷம். அப்புறம்?” என்று பருந்து காகிதத்தை நாலு தடவை படித்தாள். கையெழுத்துப் போட்ட பேனாவைக்கூட நம்பாமல் திருப்பிப் பார்த்தாள்.

ஆனால் வீட்டில்தான் விஷயம் முடியவில்லை. எலக்ட்ரீஷியன் நம்பவில்லை. துணிக்குள் ஏதோ வைத்திருந்தாள், ரிமோட் மாதிரி. மச்சானும் ரேடியோவும் உடந்தை. என்றாவது ஒரு நாள் கண்டுபிடித்துக் குடும்பத்தோடு உள்ளே தள்ளுவார்கள். இதுதான் அவன் கட்சி. “நீ பண்ணினது தப்புன்னு சொல்லலை, எங்கிட்ட மறைச்சதுதான்” என்பான். பருந்து அவனுக்குச் சாப்பாடு போடுவாள், துணி துவைத்துப் போடுவாள், பேச்சை மட்டும் பேத்தியிடம் பேசுவாள். ஊரே சந்தேகப்பட்டபோது அழுதவள், இவன் சந்தேகப்பட்டதற்கு அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நாலாம் மாசம், புதுப் படம் எடுப்பதற்கு பெல்ட்டுக்கு மேல் விளக்கு மாற்ற வேண்டியிருந்தது. வேலை எலக்ட்ரீஷியனுக்கு வந்தது. ஏணி பிடிக்க நான். ஊதி பழைய பாடத்தோடுதான் ஓடிக்கொண்டிருந்தது. பருந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், எங்களைப் பார்க்காத மாதிரி.

நாலு விளக்கை மாற்றிவிட்டுக் கீழே இறங்கினான். சிவப்புச் சட்டை முதுகில் வியர்வை. மூன்றாவது கம்பத்தில் சாய்ந்துகொண்டு, நெற்றியைத் துடைத்தபடி சொன்னான்: “எங்க மச்சான், உங்க மேதாவி மெஷின்? ஒண்ணுத்தையும் காணோமே. துணியைத்தான் ஒளிச்சு வெச்சிட்டீங்களே.”

புஸ்.

திரும்பினான். புஸ், புஸ், புஸ். பொன்னிறப் பிஸ்கட்டாகப் பார்த்து, இவன் காலடிக்குத் தள்ளுகிறது. பதறி நகர்ந்தான். நின்றது. கம்பத்தைப் பார்த்தான், ஊதியைப் பார்த்தான். மெல்ல மறுபடி சாய்ந்தான். புஸ், புஸ். விலகினான். சாய்ந்தான். ஒன்பது தடவை. எட்டுப் பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவன் சட்டையைக் கழற்றி, மடிப்பு மடிப்பாகத் தடவி, தையலைப் பிரித்து, பையை வெளியே இழுத்துப் பார்த்தான். டெஸ்டர் ஒன்று. வேறு எதுவும் இல்லை. கை நீட்டிச் சட்டையைக் கம்பத்தில் தொங்கவிட்டுவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றான்.

புஸ்.

பனியனோடு என்னிடம் வந்தான். “பதினேழு மூட்டை இல்லை மச்சான். ஏழுதான். நான் அப்பவே விசாரிச்சேன்.”

“சரி, ஏழு.”

“பிள்ளை பிறந்ததெல்லாம் அதுக்குத் தெரியாது. நீங்க சும்மா அளக்கறீங்க.”

“சரி மாப்பிள்ளை.”

பிறகு நாற்காலிப் பக்கம் போனான். பருந்து அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஓடும் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து, இயந்திரச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி, எட்டுப் பெண்களுக்கும் எனக்கும் சேர்த்துக் கேட்கும்படிச் சொன்னான்:

“நீ எதுவும் பண்ணலைம்மா. எங்கிட்ட எதையும் மறைக்கலை. அது தானாத்தான் பண்ணுச்சு. நடந்துச்சு.”